கருப்பசாமி சித்தப்பா மேடையேறிய அன்று

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. என் பேருக்குத்தான் எழுதியிருந்தாய் என்றாலும் உங்க அப்பாதான் பிரித்தார். தபால்காரர் யார் கையில் கொடுக்கிறாரோ அவர்தான் பிரிக்க வேண்டும் என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். வாசலில் நின்றபடியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். மெஸ் சாப்பாட்டில் ஒன்றுக்கும் ருசி இல்லை என்று நீ எழுதியிருந்ததை எனக்கு மனசு குளிரட்டும் என்று இரண்டாவது தடவையும் படித்தார். சட்டசபையில் எழுந்து பேசுகிறவர்கள் பேச்சை எல்லாம் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எழுதுவதுதான் உன் வேலை என்றும், பேச்சு மட்டும் இல்லை, நடுவில் எல்லாரும் சிரித்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று போட வேண்டும் என்றும் எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார். “ஏட்டி, அப்பம் நம்ம கருப்பசாமி சொன்னதை எம்.எல்.ஏ. அங்கன எடுத்துச் சொன்னப்பவும் எவனோ ஒருத்தன் உக்காந்து சிரிப்புன்னு எழுதியிருப்பான்லா?” என்றார். இருக்கும் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து, சித்தப்பா மேடையேறிய அன்றைக்கு நடந்ததை உனக்கு ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரக்கிறது.

ஒழுங்காக என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீ அன்றைக்கு ஊரில் இல்லை. பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் உப்பிப் போய், புளியங்குடியில் உன் மாமா வீட்டில் அத்தையின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி படுத்துக் கிடந்தாய். அதற்குப் பிறகு உனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்ன கதைதான். உங்க அப்பா மேடையில் வைத்தே கட்டைக் காலைக் கழற்றி எம்.எல்.ஏ. முன்னால் மேசையில் வைத்தார், ‘இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க’ என்று கர்ஜித்தார் என்று முடிவெட்டுகிற கடையில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அவரிடமே கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார், மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. ஆனால் கட்டைக் கால் அன்றைக்கு மாட்டின இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

பங்களாதேஷ் சண்டையில் கண்ணிவெடியில் அந்தக் கால் போனபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்து, மரமும் தோலுமாக ஒரு காலை மாட்டி அனுப்பினார்கள். வந்து இறங்கியதும் அழப் போகிறார் என்று எல்லாரும் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றோம். அவர் என்னைப் பார்த்து, “இனிமே ஒத்தச் செருப்பு வாங்குனாப் போதும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயக்காட்டு ஊரில் பிறந்து, கரிசல்காட்டு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் பக்கத்தில் துக்கம் வந்தால் அழுவோம். இவர்கள் பக்கத்தில் வானம் பெய்யாமலே பழகிவிட்டதோ என்னவோ, எது போனாலும் ஒரு கேலி பேசிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் புத்தியை நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அதோடுதான் இத்தனை வருடம் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வந்து சைக்கிள் கடை வைத்த பிறகு, பட்டாளத்திலிருந்து வந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு வருஷா வருஷம் ஆடித்தபசுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட ஆரம்பித்தார். உன்னோடு அறையில் இருக்கிற பையன்கள் தபசு என்றால் என்ன என்று கேட்டால் சொல்லு. சிவனும் விஷ்ணுவும் ஒரே உருவமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று நம் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள். அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வோம் என்றுதான் சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். அப்படி நடந்து நாக்கு வறண்டு வருகிறவர்களுக்கு, உன் மாமா அனுப்புகிற எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பானக்கம் கொடுப்பதும், கூட்டத்தில் கை நழுவின பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துத் தாய் தகப்பனிடம் சேர்ப்பதும் இவர்கள் வேலை. “அண்ணாச்சி, அம்மனும் நீங்களும் இப்பம் ஒண்ணுதான் போங்க” என்று யாராவது கேலி செய்வார்கள். “அவுகளுக்குத் தபசு முடிஞ்சா ரெண்டாவது காலை ஊனிக்கிடுவாக, நமக்கு அந்த வசதி கிடையாது வே” என்று பானக்கத்தை நீட்டுவார்.

இந்தப் பானக்கத்தை ஒரு வருஷம் எம்.எல்.ஏ. வந்து குடித்தார். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், நீ அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன். நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இப்படிச் சேவை செய்கிறவர்களுக்கு ஊர் கூடி ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும், நானே வந்து பொன்னாடை போர்த்துவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லிவிட்டு மறந்துவிடுவார் என்று நினைத்தோம். மறக்கவில்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சி தலைமையில் கமிட்டி போட்டு, நோட்டீஸ் அடித்து, தேரடியில் மேடை போட நாளும் குறித்துவிட்டார்கள்.

இங்கேதான் கருப்பசாமி சித்தப்பா வருகிறார். உனக்கு அவர் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பருத்திமார் விறகு வண்டியில் வந்து இறங்கி, குனிந்து உன்னைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் சித்தப்பாதான். இரண்டு கையும் முழங்கைக்குக் கீழே இல்லை என்பதை நீ சிறு வயதில் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. உங்க அப்பாவும் அவரும் பட்டாளத்தில் ஒரே கம்பெனி, அதே சண்டையில்தான் அவர் கையும் போனது. ஊனத்துக்குக் கொடுக்கிற பென்ஷன் அவருக்கு ஒரு தவணைக்குத்தான் கிடைத்தது. தவணை முடிந்ததும் தூரத்து ஊரில் டாக்டர்கள் போர்டு கூடும். அவர்கள் முன்னால் போய் நின்று, கை இன்னும் இல்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். உங்க அப்பா தன்னுடைய தவணைக்கு ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ரயிலேறிப் போய்விடுவார். சித்தப்பா எப்படித் தனியாகப் போவார்? சோறு ஊட்டணும், தண்ணீர் கொடுக்கணும், வேட்டியைக் கட்டிவிடணும். அந்தத் தடவை அவர் சம்சாரம் பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூட வருகிறேன் என்ற மச்சினன் கடைசி நேரத்தில் வரவில்லை. சித்தப்பாவால் போக முடியவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது. பச்சை உடம்புக்காரி பிள்ளையை வேப்பமரத்தில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டுக் களை வெட்டப் போனாள். திரும்பவும் போர்டு கூடுவதற்கு ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை.

எம்.எல்.ஏ. மேடைக்கு வருகிறார் என்றதும் உங்க அப்பா அண்ணாச்சியிடம் போய், நான் கருப்பசாமி விஷயத்தை அங்கேயே சொல்லப் போகிறேன் என்றார். அண்ணாச்சி நல்ல மனிதர், ஆனால் விழா என்றால் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் மாதிரி ஆகிவிடுவார். “மாலை போடுத மேடையில போயி மனுவா? நம்ம ஊரு மரியாதை என்னத்துக்கு ஆகும்? அவுக மொகம் சுருங்கிரும் வே. பொறவு சர்க்கார் பங்களாவுல வச்சுப் பேசிக்கிடுவோம்” என்றார். “பங்களாவுக்கு எங்க போறாவ? மேடையை விட்டு இறங்குனா காரு நேரே மதுரைக்குல்லா போகுது” என்றார் இவர். அண்ணாச்சி மசியவில்லை. கடைசியில் இவரிடம், மைக்கைத் தொட மாட்டேன், எதையும் கேட்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

விழா அன்று காலையில் வீட்டில் பெரிய ரகளை. வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். “அந்தச் சால்வையை வாங்கி நான் என்ன செய்ய, சைக்கிள் துடைக்கவா?” என்றார். காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார், அதாவது இனிப் பேச்சே இல்லை என்று அர்த்தம். நான் அப்போது பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தேன். கோயிலில் அம்மனுக்குச் சாத்தின மாலையைக் கழற்றி யாருக்காவது போடுகிறார்களே, அது நினைவுக்கு வந்தது. “நீங்க கேக்கக் கூடாதுன்னுதானே வாக்கு? குடுக்கக் கூடாதுன்னு இல்லையே. உங்களுக்குப் போட்ட சால்வையை அங்கனயே கழத்திக் கருப்பசாமிக்குப் போட்டுருங்க. ஆருன்னு எம்.எல்.ஏ.வே கேப்பாக” என்றேன். உடனே அவர் எட்டிக் காலை எடுத்து மாட்டினார். அந்த யோசனை என்னுடையது மகனே. இந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. உனக்காவது தெரிந்திருக்கட்டும்.

மேடையை ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தார்கள், கடைசியில் நிற்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்று. கால் ஊனமானவருக்கு விழா, ஏறுவதற்கு ஒரு கைப்பிடி வைக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். “ஏலே, பைய தூக்குங்கடா, நான் என்ன சப்பரமா?” என்று அவர் கத்தியது மைக்கில் கேட்டுக் கூட்டம் சிரித்தது. எம்.எல்.ஏ. நன்றாகவே பேசினார். தபசுக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளை மீட்டுக் கொடுத்த கதையைச் சொல்லி, நாட்டுக்குக் காலைக் கொடுத்தவர் ஊருக்குக் கையைக் கொடுக்கிறார் என்றார். பெண்கள் பக்கம் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

பொன்னாடை போர்த்தியதும் உங்க அப்பா ஒரு சல்யூட் அடித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் திரும்பிப் பார்த்து, “கருப்பா, மேல வா” என்றார். சித்தப்பா மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் சம்சாரம் கை மூடுகிற மாதிரி நீளமாகத் தைத்த சட்டை, மேலே துண்டு. கால் இரண்டும் நல்ல கால், மளமளவென்று ஏறிவிட்டார். உங்க அப்பா தன் சால்வையை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினார். கீழே இருந்தவர்களுக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் யாரோ இன்னொரு பட்டாளத்துக்காரர் என்று மட்டும்தான் தெரிந்தது. எம்.எல்.ஏ. பழக்கத்தில் கும்பிட்டார். ஜவுளிக்கடை அண்ணாச்சி இது கமிட்டியில் பேசாத விஷயம் என்று ஒரு நொடி திகைத்தார். ஆனால் மைக்கைப் பிடித்த வாய் சும்மா இருக்குமா? எல்லா விழாவிலும் சொல்வதையே சொன்னார்: “பொன்னாடையை ஏற்றுக்கொண்ட அண்ணன் அவர்கள் இப்போது இரு கரம் கூப்பிச் சபையோருக்கு வணக்கம் தெரிவித்துக்கொள்வார்கள்.”

நான் சொன்ன யோசனையில் இது வரவில்லையே, நல்ல மனுசனைச் சந்தியில் நிறுத்திவிட்டேனே என்று எழுந்து நின்றுவிட்டேன். சித்தப்பா அவசரப்படவில்லை. சால்வையை விலக்கிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார். சட்டைக் கை சரிந்து முழங்கைக்கு மேலே போனது. மிச்சமிருந்த இரண்டு துண்டுக் கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, சபையை மூன்று பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். எம்.எல்.ஏ.வின் கும்பிட்ட கை பிரியவே இல்லை, அப்படியே நின்றார். அண்ணாச்சி மைக்கைக் கீழே விட்டுவிட்டார், அது கிரீச் என்று கத்தியது.

எம்.எல்.ஏ. அதை எடுத்து, “அண்ணே, எந்த ஊரு? சர்க்காரு உங்களை நல்லபடியா பாத்துக்கிடுதா?” என்று கேட்டார். கேட்டது எம்.எல்.ஏ., பதில் சொன்னது சித்தப்பா. உங்க அப்பா வாக்கு மீறவில்லை. “பாக்காவய்யா, நல்லாவே பாக்காவ. தவணை முடிஞ்சாக் கூப்பிட்டு, கை வந்துட்டா இல்லியான்னு பாக்காவ. இந்தத் தடவை போக முடியல, பென்சனை நிறுத்திட்டாவ. நான் என்ன சொல்லுதேன்னா, கை மொளச்சா நானே சொல்லி அனுப்புவேன்லா? எதுக்கு அவுகளுக்கும் அலைச்சல்?” என்றார் சித்தப்பா. கூட்டம் குபீரென்று சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பக்கமாகச் சிரிப்பு நின்றுபோனது. எனக்குப் பக்கத்தில் இருந்த தறிக்காரப் பெண் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எம்.எல்.ஏ. மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான், “இதை நான் சட்டசபையில உங்க பேரைச் சொல்லிச் சொல்லலாமா?” என்று கேட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். சால்வை போட யாராலும் முடியும், உன் கஷ்டத்தை நான் எடுத்துச் சொல்லலாமா என்று உத்தரவு கேட்க எல்லாருக்கும் வராது. சித்தப்பா, “சொல்லுங்கய்யா. அழுது சொல்லாதீய. நான் சொன்ன மேனிக்கே சிரிச்சுக்கிட்டுச் சொல்லுங்க” என்றார்.

எம்.எல்.ஏ. சொன்ன மாதிரியே செய்தார். சட்டசபையிலும் சொல்லி, டெல்லிக்கும் எழுதி, மந்திரிகளைப் பார்த்து, விடாமல் துரத்தினார். ஒரு மழைக்காலத்தில் டாக்டர்களே நம் ஊர் பங்களாவுக்கு வந்து உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் காலும் கையும் கண்ணும் போனவர்கள் எல்லாம் வந்தார்கள். இத்தனை பேர் நம்மைச் சுற்றி இருந்தார்களா என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சித்தப்பாவைப் பார்த்த டாக்டர், இனி நீங்கள் எங்கேயும் வர வேண்டாம், ஆயுசுக்கும் இது போதும் என்று எழுதிக் கொடுத்தார். நின்றுபோன பென்ஷனும் வந்தது. அவர் சம்சாரம் அடுத்த களைக்குப் போகவில்லை, வீட்டில் இருந்து பிள்ளையை வளர்த்தாள். அன்று பங்களாவுக்கு வந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டது ஜவுளிக்கடை அண்ணாச்சி. வாழை இலையை அவரே போட்டார். அதற்குப் பிறகு எந்த விழாவிலும் அவர் ‘இரு கரம் கூப்பி’ என்கிற அந்த வழக்கமான வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. தேரடியில் மேடை போட்டாலும் இடுப்பு உயரம்தான், ஏற ஒரு கைப்பிடியும் உண்டு.

இதையெல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நம் எம்.எல்.ஏ. அன்றைக்கு அங்கே என்ன பேசினார் என்று நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டது அவருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய ஒருத்தன்தான். இப்போது அந்த நாற்காலியில் நீ இருக்கிறாய். பெரிய குரலில் பேசுகிறவர்களை எழுதுவது சுலபம். தயங்கித் தயங்கி, தன் ஊரில் யாரோ ஒருவருக்காக எழுந்து நிற்கிறவரையும் அதே கவனத்தோடு எழுது. மத்தியானம் சாப்பிட்டதும் கண்ணை அசத்தும், அப்போது பேசுகிறவர் கருப்பசாமி சித்தப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள். எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. சிரிப்பை எழுதுவீர்கள் என்றாய். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனால் அதை எழுத வழி இருக்கிறதா? அப்பா இல்லை என்கிறார். அவருக்கு என்ன தெரியும், உன்னிடமே கேட்கிறேன்.

நேற்று சித்தப்பா வந்திருந்தார். மிளகாய் வற்றல் கொண்டுவந்தார், நாளை பார்சலில் அனுப்புகிறேன், மெஸ்காரரிடம் கொடுத்து ஒரு நாளாவது உறைப்பாகச் சாப்பிடு. காப்பி டம்ளரை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு உன் கடிதத்தை அப்பா படிக்கக் கேட்டார். ஆள் இப்போது கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறார். “பய எம்புட்டு வேகத்துல எழுதுதான் மதினி?” என்றார். பேசுகிற வேகத்துக்கு எழுதுகிறான் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எழுதுதது ஒரு கைதானே?” என்றார். ஒரு கைதான் என்றேன். “அப்பம் ஒண்ணு எழுதிப் போடுங்க. மெட்ராசுல பெரிய எடத்துல இருக்கான், நாலு பேரு கும்பிடத்தான் செய்வாவ. வேலை கெடக்குன்னு தலையை மட்டும் ஆட்டிட்டு இருந்திரப்பிடாது. பேனாவைக் கீழ வச்சிட்டு, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடச் சொல்லுங்க” என்றார்.

எழுதிவிட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, நிதானமாகக் கும்பிடு.

அம்மா